முதல் முறை வந்தவர் இரண்டாவது முறை ஏன் வருவதில்லை? விளிம்புநிலை இளைஞர்களும் பாதியில் நிற்கும் மனநல சிகிச்சையும்

இந்தியாவில் மனநலம் பற்றி எழுதும் எல்லோரும் கையில் எடுக்கும் எண் ஒன்று உண்டு. 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொன்ன 'சிகிச்சை இடைவெளி'தான் அது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்னைகள் உள்ள 100 பேரில் சுமார் 85 பேருக்கு சிகிச்சை கிடைக்கவில்லை. தீவிர மனநோய்களில் இது சுமார் 74 பேர்.

எண் சரிதான். ஆனால் அது சொல்வது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர்களைப் பற்றி. ஒரு தடவை ஓபி சீட்டு போட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, டாக்டரை ஐந்து நிமிடம் பார்த்து, பத்து நாள் மாத்திரையோடு திரும்பி, அப்புறம் அந்தப் பக்கமே வராமல் போன 21 வயதுக்காரரின் கதை அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அதிலும் அவர் தலித்தாகவோ, ஆதிவாசியாகவோ, முஸ்லிமாகவோ, பால்புதுமையராகவோ இருந்தால் திரும்பி வருவது ஏன் இன்னும் கஷ்டமாகிறது, அவரைத் திரும்ப வரவைக்க என்ன செய்ய முடிகிறது என்பதைப் பற்றியது.

ஒரு சின்ன விளக்கம். 'சிறுபான்மை' என்ற சொல் நம் நாட்டு அரசு ஆவணங்களில் மதச் சிறுபான்மையினரைக் குறிக்கும். மனநல ஆய்வுகள் அதை இன்னும் அகலமாகப் பயன்படுத்துகின்றன: சிகிச்சை அறையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் உலகத்தில் தன் வாழ்க்கைக்கு இடமில்லை என்று உணரும் எல்லோரும். இங்கேயும் அந்தப் பொருளில்தான்.

தரவு என்ன சொல்கிறது?

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. இந்தப் பிரிவினருக்கு மனநலப் பிரச்னை அதிகமா, அல்லது வறுமைதான் அப்படித் தோன்றவைக்கிறதா?

ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. உலக சுகாதார அமைப்பு ஆறு இந்திய மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பின் தரவு அது. உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிடும்போது பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் தங்கள் மனநலம் மோசமாக இருப்பதாகச் சொன்னார்கள். கல்வி, சொத்து, வீட்டுச் செலவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. அதாவது ஒரே வருமானம், ஒரே படிப்பு இருந்தாலும் மனச்சுமை ஒன்றாக இல்லை.

அடுத்து கல்வி நிலையங்கள். 2014 முதல் 2021 வரை மத்திய அரசு நிதியில் இயங்கும் உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்ததாக 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. அவர்களில் 24 பேர் பட்டியல் சாதி, 3 பேர் பழங்குடி, 41 பேர் இதர பிற்படுத்தப்பட்டோர், 3 பேர் சிறுபான்மையினர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 'இத்தனை மடங்கு ஆபத்து' என்று விகிதம் போட்டுத் தலைப்பு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் மொத்தம் எத்தனை மாணவர்கள் என்பது பக்கத்திலேயே இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

இன்னொரு எண் கொஞ்சம் பெரியது. 2023 டிசம்பரில் மக்களவையில் தரப்பட்ட பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களில் இருந்து 13,626 பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு நிறைய வாய்ப்புகள் இருப்பதால் வேறு நிறுவனங்களுக்கோ படிப்புகளுக்கோ மாறிக்கொள்கிறார்கள் என்றது அரசு. சிலர் அப்படி மாறியிருக்கலாம். ஆனால் எல்லோருமே நல்ல இடம் கிடைத்துத்தான் போனார்களா என்பதை அந்தப் பதிலில் இருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலை அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022இல் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044 பேர். வயது, தொழில், படிப்பு, வருமானம் என்று பல அட்டவணைகள் இருக்கின்றன. சாதி, மத வாரியான அட்டவணை வெளியாவதில்லை. எண்ணாத ஒன்றுக்கு பட்ஜெட் ஒதுக்கச் சொல்லி எந்த அதிகாரியையும் கேட்க முடியாது. டேட்டா டெஸ்க்கில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பாதியில் நிற்பது எல்லா நாட்டிலும் உண்டு

இடைநிற்றல் நம் ஊர்ப் பழக்கம் மட்டும் கிடையாது. ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, பேச்சு சிகிச்சை தொடங்கும் ஐந்து பேரில் ஒருவர் முடிக்காமலே நிறுத்திவிடுகிறார். வயது குறைந்தவர்களிடம் இது அதிகம். அதற்கும் முன்னால், 1993இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, இனச் சிறுபான்மையினர், படிப்பும் வருமானமும் குறைந்தவர்கள் ஆகியோர் அதிகமாக நிறுத்துவதாகச் சொன்னது.

பல ஆண்டுகளுக்கு இதை 'நோயாளிக்கு ஈடுபாடு இல்லை' என்றே எழுதிவந்தார்கள். கேஸ் ஷீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். சமீப காலத்தில்தான் கேள்வி திரும்பியிருக்கிறது: அந்த அறையில் என்ன நடந்தது?

முதல் அமர்வில் என்ன நடக்கிறது?

ஹாஸ்டல் மெஸ்ஸில் தன்னைத் தவிர்க்கிறார்கள் என்று ஒரு மாணவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கைப் பட்டியல் வந்த நாளிலிருந்து எல்லோரும் 'உன் ரேங்க் என்ன?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உயர்கல்வி வளாகங்களில் இந்தக் கேள்வி சாதியைக் கேட்பதற்கான மறைமுக வழி என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். இதைக் கேட்ட கவுன்சலர், "எல்லாருக்கும்தான் முதல் வருஷம் கஷ்டமா இருக்கும், நீங்க கொஞ்சம் ரொம்ப யோசிக்கிறீங்க" என்கிறார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இருக்காது. ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மாணவர் அன்று புரிந்துகொள்வது ஒன்றுதான்: இங்கேயும் சொல்லக்கூடாது. அடுத்த வாரம் அவர் வரமாட்டார். பதிவேட்டில் 'தொடர்பில் இல்லை' என்று இருக்கும்.

வெளியில் நடக்கும் பாகுபாட்டை மனசுக்குள் இருக்கும் கோளாறாக மாற்றிப் பார்ப்பது, இந்தப் பிரிவு இளைஞர்களை விரட்டும் காரணங்களில் முக்கியமானது என்று நினைக்கிறேன். வாடகைக்கு வீடு கேட்டு பெயரைச் சொன்னதும் கதவு சாத்தப்பட்ட முஸ்லிம் இளைஞருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லித் தந்தால் அவர் எத்தனை தடவை வருவார்? மூச்சுப்பயிற்சி உதவும். ஆனால் நடந்தது நடந்தது என்று முதலில் ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பால்புதுமையினர் விஷயத்தில் இது இன்னும் மோசமாக இருந்தது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்ற பெயரில் சிகிச்சை கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கில் இதற்குத் தடை போடச் சொன்ன பிறகு, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படிப்பட்ட 'மாற்று சிகிச்சை'யை மருத்துவரின் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. டாக்டரிடம் போனால் வீட்டில் சொல்லிவிடுவாரோ, மாற்றப் பார்ப்பாரோ என்ற பயம் ஒரு சுற்றறிக்கையில் ஒரே நாளில் போய்விடாது.

மற்ற காரணங்கள்

வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒரே தெருவில், ஒரே சமூகத்தில், ஒரே ஜமாஅத்தில் வாழும் குடும்பங்களில் அதன் விலை அதிகம். தங்கை கல்யாணம் வரைக்கும் போகும். வளாகங்களில் வேறு மாதிரி: 'இட ஒதுக்கீட்டில் வந்தவன், தாக்குப்பிடிக்க முடியல' என்று ஏற்கெனவே இருக்கும் பேச்சுக்கு கவுன்சலிங் அறை வாசலில் நிற்பதே சாட்சியாகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

மாத்திரை விஷயம் பலருக்கும் சரியாகச் சொல்லப்படுவதே இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் வழக்கமான மருந்துகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். குமட்டல், தூக்கக் கோளாறு போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வரும். ஆக, முதல் பத்து நாளில் நோயாளி பார்ப்பது தொந்தரவை மட்டும்தான். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்வார், சொல்லாவிட்டால் நிறுத்திவிடுவார். இன்னொரு பக்கம், நன்றாக ஆனதும் நிறுத்துவது. குணம் தெரிந்த பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம் என்பதால் டாக்டரிடம் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் சொல்ல ஐந்து நிமிட ஓபியில் நேரம் எங்கே?

நேரமில்லாததற்குக் காரணம் ஆள் இல்லாதது. ஒரு லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்களாவது வேண்டும் என்பார்கள். நம்மிடம் ஒருவர்கூட இல்லை, சுமார் 0.75தான். தேசிய மனநல ஆய்வு நடந்தபோது கேரளாவில் 1.2, மத்தியப் பிரதேசத்தில் 0.05. நாட்டிலேயே அதிக ஆதிவாசிகள் வாழும் மாநிலம் மத்தியப் பிரதேசம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பெருநகரத் தனியார் தெரபிஸ்ட்கள் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவது சாதாரணம். அரசு மருத்துவமனையில் பணம் வேண்டாம், ஆனால் ஒரு நாள் கூலி போகும்.

பிறகு மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பீலி மொழி பேசுவோர் ஒரு கோடிக்கும் மேல். கோண்டி பேசுவோர் சுமார் 29 லட்சம். இரண்டுமே எட்டாவது அட்டவணையில் இல்லை. 'டிப்ரஷன்' என்ற சொல்லே இல்லாத மொழியில் துக்கம் எப்படிச் சொல்லப்படுகிறது? நம் ஊரில் 'நெஞ்சு பாரமா இருக்கு', 'தலை கனக்குது' என்று வருவது போல, அங்கேயும் உடம்பின் வலியாகத்தான் வரும். இந்தி மட்டும் தெரிந்த டாக்டர் வலி மாத்திரை எழுதுவார்.

திரும்ப வரவைப்பது எது?

மருந்து, தர்கா இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன ஆகும்? குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாத்தார் தர்கா இருக்கிறது. மனநோய்க்குத் தீர்வு தேடி எல்லா மதத்தினரும் வரும் இடம். 2008இல் 'ஆல்ட்ரூயிஸ்ட்' என்ற தொண்டு நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து அங்கே 'தவா-துவா' திட்டத்தை ஆரம்பித்தன. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவின் முஜாவர்களுக்கு மனநோய் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களே "பிரார்த்தனையும் பண்ணு, பக்கத்தில் டாக்டரையும் பார்த்துட்டு வா" என்று அனுப்புவார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவிலும் தமிழ்நாடு அரசு தவா-துவா முறையைக் கொண்டுவந்தது. வழிபாட்டு இடத்தையும் மருந்துக் கடையாக்குகிறார்கள் என்ற விமர்சனம் இந்த முறை மேல் உண்டு. மருந்தோடு பேச்சு சிகிச்சை, வேலை, வீட்டுச் சூழல் எல்லாம் சேராவிட்டால் அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஒரு குடும்பம் ஏற்கெனவே நம்பும் ஆள் சொன்னால் அடுத்த தடவையும் வரும் என்ற எளிய விஷயத்தை உனாவா காட்டுகிறது.

அப்படியென்றால் தலித் இளைஞருக்கு தலித் கவுன்சலர், முஸ்லிம் பெண்ணுக்கு முஸ்லிம் கவுன்சலர் என்று ஜோடி சேர்த்தால் போதுமா? கப்ரால், ஸ்மித் ஆகியோர் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு சுவாரஸ்யமான பதில் தருகிறது. தங்கள் இனத்தைச் சேர்ந்த தெரபிஸ்டே வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. ஆனால் குணமாவதில் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்கத் தரவு இது, அப்படியே இங்கே பொருத்த முடியாது. என் வாசிப்பு இதுதான்: நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பது கதவைத் தட்ட வைக்கும், உள்ளே நடக்கும் சிகிச்சையின் தரம்தான் மீதியைத் தீர்மானிக்கும். அதனால் தேர்வு செய்யும் வாய்ப்பு இருப்பதே முக்கியம். திவ்யா கந்துகூரி தொடங்கிய 'ப்ளூ டான்' போன்ற முயற்சிகள் தலித்-பகுஜன் இளைஞர்களை சாதியைப் புரிந்துகொள்ளும் தெரபிஸ்ட்களோடு இணைக்கப் பார்ப்பது இந்த இடத்தில்தான். பால்புதுமையினரைப் புரிந்து நடத்துவதற்கு மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் தெரபிஸ்ட்களுக்கே தனிப் பயிற்சி நடத்துகிறது.

பள்ளிகளில் இருந்து வந்த ஒரு முடிவை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற ஆய்வு நடந்தது. 2018இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே திட்டம். சில பள்ளிகளில் அதை ஆசிரியர்கள் நடத்தினார்கள். சிலவற்றில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து நியமிக்கப்பட்ட, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு, கேலி வதை எல்லாம் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் பலன் தெரியவில்லை. மார்க் போடுபவரிடமே மனசையும் திற என்றால் யார் திறப்பார்கள்? கல்லூரிகளில் பேராசிரியர்களையே 'மெண்டார்' ஆக்கிவிட்டு கவுன்சலிங் இருக்கிறது என்று கணக்குக் காட்டும் நிர்வாகங்கள் படிக்க வேண்டிய முடிவு இது.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 'பிரைடு' என்ற இன்னொரு ஆய்வு. நான்கைந்து குறுகிய அமர்வுகள், பள்ளிக்குள்ளேயே, மாணவரே சொன்ன பிரச்னையைத் தீர்ப்பதில் கவனம். அந்தப் பிரச்னைகள் குறைந்தன. ஆனால் ஆறு வாரத்தில் மனநல அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குறுகிய சிகிச்சை இடைநிற்றலைக் குறைக்க உதவும், எல்லாவற்றையும் தீர்த்துவிடாது.

அமெரிக்க நகரங்களில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடு மேரி மெக்கே செய்த வேலை இன்னும் எளிமையானது. முதல் சந்திப்புக்கு முன்னாலேயே ஒரு போன். என்ன நாளில் வர முடியும், பஸ் உண்டா, சின்னப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், இதற்கு முன் எங்காவது போய் மோசமான அனுபவம் இருந்ததா என்று கேட்பது. அப்படி அழைக்கப்பட்டவர்கள் முதல் சந்திப்புக்கு வருவது அதிகரித்தது. தொடர்ந்து வர, முதல் சந்திப்பிலேயே ஏதாவது ஒரு கண்முன் பிரச்னைக்கு உதவி கிடைப்பதும் வேண்டியிருந்தது. நம் மாவட்ட மருத்துவமனைக்கு இதற்குத் தேவை ஒரு போனும் பேசத் தெரிந்த ஒரு ஆளும்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் பிரிவு 18, மதம், சாதி, பாலினம், பாலின ஈர்ப்பு, வர்க்கம், அரசியல் நம்பிக்கை என்று எதன் பெயரிலும் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, பிபிஎல் கார்டு கையில் இல்லாவிட்டாலும், இலவசம். மாவட்டத்தில் அரசு சேவை இல்லையென்றால் அங்குள்ள வேறு சேவையைப் பயன்படுத்தலாம், செலவு அரசுடையது. நடைமுறையில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். பிரிவு 23 ரகசியம் காக்கும் கடமையைச் சொல்கிறது. 18 வயதானவர் பேசியதை வார்டனுக்கோ வீட்டுக்கோ சொல்ல, உயிருக்கு ஆபத்து போன்ற குறிப்பிட்ட சூழல்களில் மட்டும்தான் விலக்கு. பிரிவு 25 உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் பெறும் உரிமை. வேலைக்காக ஊர் மாறும்போது இதைக் கேட்டு வாங்கிக்கொண்டால், புது டாக்டரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்லும் களைப்பு மிச்சம். பலர் நின்றுபோவது இந்த இடமாற்றத்தில்தான்.

ரோஹித் வெமுலா, பாயல் தட்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க யுஜிசி 2012இல் போட்ட விதிகள் அமல்படுத்தப்படவில்லை என்ற கேள்வியில் தொடங்கியது. 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பு, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஒரு கவுன்சலராவது இருக்க வேண்டும் என்றும், விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடில்லாமல் அணுக ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. 5,000 பேர் படிக்கும் கல்லூரிக்கும் 'ஒருவராவது' என்ற வரி போதும் என்று நிர்வாகம் வாசித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்களோ உங்கள் நண்பரோ பாதியில் நிறுத்தியிருந்தால்

திரும்பப் போவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இடைவெளி விட்டு வருபவர்களை எல்லா மருத்துவமனையும் தினமும் பார்க்கிறது. தெரபிஸ்ட் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். முதல் போனிலேயே, "சாதி சம்பந்தப்பட்ட விஷயம் பேசணும், உங்களுக்கு அதில் அனுபவம் இருக்கா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படுபவர் உங்களுக்கான ஆள் கிடையாது என்பது முதல் ஃபீஸ் கட்டும் முன்பே தெரிந்துவிடும். மருந்தை நீங்களாக நிறுத்தியிருந்தால், பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். டாக்டரிடம் சொல்லி ஆரம்பியுங்கள்.

நண்பருக்காகப் படிக்கிறீர்கள் என்றால், "போனியா?" என்று மட்டும் கேட்பதை விட, அடுத்த தேதி எப்போது என்று கேட்டு அன்று கூடப் போய் வெளியே உட்காருவது உதவும்.

மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும், தமிழ் உட்பட 20 மொழிகளில், கட்டணமில்லாமல் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்த எண்ணை உடனே அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.